முதல் வண்டி ஓட்டுநரின் முகம்

அந்த பஸ் டெப்போவில் அவருடைய சொந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தவர் சம்பளப் பட்டியல் போடும் குமாஸ்தா ஒருவர்தான். மற்ற அத்தனை பேருக்கும் அவர் தக்காளியார். வெறும் தக்காளி என்றால் வயதுக்கு மரியாதை இல்லையே என்று ‘யார்’ சேர்த்துக்கொண்டார்கள். கேலி செய்தாலும் மட்டு மரியாதை தெரிந்த ஜனங்கள்.

காரணம் முகம். மூக்கு, இரண்டு கன்னம், தாடை எல்லாமே சிவப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் தோலுக்கு அடியில் நூல் நூலாக ரத்த நாளம் தெரியும். ஜன்னல் பக்கத்துக் கன்னம் இன்னும் ஒரு படி மேல். இருபத்திரண்டு வருஷ ஓட்டுநர் வேலையில் அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் எஞ்சின் சூடு. நடுவில் மனிதர் வெந்துகொண்டிருந்தார்.

முகம் சிவந்த ஆளைப் பார்த்தால் ஊர் உலகம் இரண்டே விஷயம்தான் நினைக்கும். ஒன்று கோபக்காரன், இல்லாவிட்டால் குடிகாரன். தக்காளியாருக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் கிடையாது. குறுக்கே வந்து விழுகிற சைக்கிள்காரனிடம்கூட ‘பாத்துப் போங்க’ என்றுதான் சொல்வார். ஆகவே மிச்சமிருந்தது குடி. அந்த மனிதரோ வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவருக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம், டீயைக் கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிக்கொள்வதுதான்.

குடிக்காதவன் குடிக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? அவர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். வாசனையாக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்தார். சலூன் வைத்திருக்கும் மச்சினன் பெரிய பாட்டில் ஒன்றில் பச்சை நிறத்தில் ஒரு லோஷன் கொடுத்திருந்தான், சவரம் செய்தபின் தடவிக்கொள்வது. அதைக் காலையில் உள்ளங்கை நிறைய ஊற்றி முகத்தில் அறைந்துகொள்வார். சுரீரென்று எரியும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பது அவர் கட்சி. வாயில் எந்நேரமும் இரண்டு கிராம்பு வேறு.

ஐயா, விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். லோஷன் எரிச்சலில் முகம் இன்னும் சிவக்கும். சிவந்த முகமும், கும்மென்ற வாசனையும், வாயில் கிராம்பும் சேர்ந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ‘நாத்தத்த மறைக்கத்தான் இத்தனை ஏற்பாடு’ என்று நினைப்பான். சந்தேகம் கூடக் கூட அவரும் லோஷனைக் கூட்டினார். செக்குமாடு மாதிரி அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சிவப்பை அழுக்கு என்றே முடிவு கட்டி, மெக்கானிக்குகள் கையில் கிரீஸ் போகத் தேய்க்கும் மணல் கலந்த பசையை எடுத்து முகத்தில் தேய்த்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் அவரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் டெப்போவில் இல்லை.

இதெல்லாம் அவருக்குப் பழகிப்போனதுதான். பழகாத ஒன்று நடந்தது காலை ஆறு பத்து வண்டியில்.

ஆறு பத்துதான் டெப்போவிலிருந்து கிளம்பும் முதல் வண்டி. பதினோரு வருஷமாக அது அவருடைய வண்டி. ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்கள், ரொட்டிக் கடைக்காரர், தூரத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லோரும் டெப்போ வாசலிலேயே வரிசையில் நின்று ஏறுவார்கள். தெரு காலியாக இருக்கும், வெயில் இருக்காது, முகமும் சொன்னபடி கேட்கும். அந்த ஒரு டிரிப்புக்காகவே அவர் வேலைக்கு வருகிறார் என்றுகூடச் சொல்லலாம்.

புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா, ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று வரிசையில் நின்றாள். பிள்ளை படியில் கால் வைத்தாயிற்று. அம்மா தலையைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். சட்டென்று பிள்ளையின் பையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள்.

“இந்த வண்டி வேணாம் வா. ஆள் மூஞ்சியப் பாத்தியா? விடிஞ்சதும் விடியாததுமா போட்டுட்டு வந்திருக்கான்.”

சத்தமாகத்தான் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் தக்காளியார், “விடுப்பா, நேரமாச்சு” என்று வண்டியை எடுத்துவிட்டார். ஆனால் விடமுடியவில்லை. கேலி எத்தனையோ கேட்டவர். ஒரு தாய் தன் பிள்ளையை அவரிடமிருந்து காப்பாற்ற இழுத்துக்கொண்டு போனதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, பாதியில் கை கழுவிவிட்டார்.

அடுத்த வாரமே கடவுள் கண் திறந்த மாதிரி ஒரு அறிவிப்பு வந்தது. இனிமேல் முதல் டிரிப் எடுக்கும் ஓட்டுநர்கள் எல்லோரும் டைம் கீப்பர் முன்னால், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியில் ஊத வேண்டும். அளவு காட்டினால் அன்று வண்டி கிடையாது. இரண்டாம் தடவை காட்டினால் விசாரணை, முதல் டிரிப் நிரந்தரமாகப் போய்விடும். மற்ற ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். தக்காளியாருக்கோ தலைகால் புரியவில்லை. யந்திரமே சாட்சி சொல்லப் போகிறது! முதல் நாள் பளிச்சென்று சவரம் செய்து, வழக்கமாகப் போடும் லோஷனைப் போல் இரண்டு மடங்கு முகத்தில் அறைந்து, கையையும் கழுவாமல் வந்து கருவியை வாங்கி ஊதினார்.

கருவி கீச்சென்று கத்தியது.

டைம் கீப்பர் அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். கருவியைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. வரிசையில் அந்த அம்மாவும் நின்றாள், எந்த ஓட்டுநர் வருகிறார் என்று பார்த்து ஏறலாம் என்று. கீச்சென்ற சத்தத்தை அவளும் கேட்டாள். நினைத்தது சரிதான் என்று அவள் தலையை ஆட்டிக்கொண்டது தக்காளியாருக்கு நன்றாகத் தெரிந்தது.

“யோவ், என்னய்யா இது?”

“சத்தியமா இல்லப்பா. என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

டைம் கீப்பர் எழுந்து வந்து அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்தார். அடுத்த நிமிஷம் தும்மினார். “கையக் குடு. உவ்வே! மூஞ்சியா இது, சலூனா? இதுல ஸ்பிரிட் இருக்குய்யா. நீ குடிக்கல, உன் மூஞ்சி குடிச்சிருக்கு. போய்க் கழுவிட்டு வா, இருபது நிமிஷம் கழிச்சு ஊது.”

இருபது நிமிஷம் கழித்து ஊதியபோது சுத்தமாகப் பூஜ்யம். ஆனால் ஆறு பத்து வண்டி வேறு ஓட்டுநரோடு போய்விட்டிருந்தது. பதிவேட்டில் அவர் பேருக்கு நேராக ஒரு தடவை என்று ஏறியும் விட்டது. வரிசையும் போய்விட்டது. பூஜ்யத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மனைவி தையல் மிஷினை விட்டு எழுந்தாள். “போதும் உங்க கைவைத்தியம். நாளைக்குத் தோல் டாக்டர்கிட்ட போறோம். முகத்துல போடறது எல்லாத்தையும் ஒரு பையில எடுத்து வைங்க.”

“மச்சினன் குடுத்த லோஷனுமா?”

“அவன் குடுத்தததான் மொதல்ல வைங்க.”

டாக்டர் சின்ன வயதுப் பெண். மனைவி பையை மேஜை மேல் கவிழ்த்தாள். பச்சை லோஷன், எலுமிச்சை மணக்கும் சொரசொரப்பு க்ரீம், சில்லென்று குளிரும் ஒரு களிம்பு, வெளுப்பாக்கும் க்ரீம், மருந்து சோப்பு, கடைசியில் ஒரு தகர டப்பா. டாக்டர் டப்பாவை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எண்ணெய், கிரீஸ் கறை நீக்க. நீங்க முகம் கழுவுறீங்களா, லாரி கழுவுறீங்களா?”

“பஸ்ஸுங்க, டாக்டர்” என்றார் தக்காளியார் அடக்கமாக.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கைத் திருப்பி முகத்தை நிதானமாகப் பார்த்தார். “இதுக்கு ரோசேஷியான்னு பேர். அழுக்கில்ல, ஒட்டுவாரொட்டியும் இல்ல. குடிக்காதவங்களுக்கும் வரும். உங்க தோல் சட்டுனு கோவிச்சுக்கிற ரகம், அவ்வளவுதான். வீட்டுல யாராவது கோவமா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

தக்காளியார் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். “வாய மூடிக்கிட்டு இருப்பேன், டாக்டர்.”

“அதேதான். முகத்தையும் சும்மா விடுங்க.”

மேஜை மேல் இருந்த அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போயின. பதிலுக்கு அவர் எழுதிக்கொடுத்தது கொஞ்சமே. வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் கைவிரலால்தான் கழுவ வேண்டும். வாசனை இல்லாத மிருதுவான க்ளென்சர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். வாசனையில்லாத வெறும் க்ரீம் ஒன்று. வெளியே கிளம்புமுன் வெயிலுக்கான க்ரீம், தினமும். படுக்குமுன் பூச ஒரு ஜெல். டீ குடிக்கலாம், ஆறவைத்து. எதனால் சிவக்கிறது என்று தினமும் குறித்துக்கொண்டு வரவேண்டும்.

“முழுசாப் போயிடுமா டாக்டர்?”

“பொய் சொல்ல மாட்டேன். அடங்கும். நல்லாவே அடங்கும், ரெண்டு மூணு மாசத்துல வித்தியாசம் தெரியும். ஆனா அப்பப்ப தலை காட்டும்.”

தக்காளியார் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த வாரமே பளபளவென்ற முகத்தோடு அந்த அம்மா முன்னால் வண்டியை நிறுத்துவதாக வழியெல்லாம் கனவு கண்டுகொண்டு வந்திருந்தார். “வெளுத்தாதான் நம்புவாங்களா?” என்று திரும்பும்போது மனைவி கேட்டாள்.

ஆனால் சொன்னதைச் செய்வதில் தக்காளியார் கெட்டிக்காரர். சாலை விதிகளை இருபத்திரண்டு வருஷம் மதித்தவருக்கு முக விதிகள் ஒரு பொருட்டா? ஓட்டுநர்கள் தினமும் எழுதும் டிரிப் ஷீட் ஒன்று உண்டு. கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், தாமதத்துக்குக் காரணம் என்று கட்டம் போட்டிருக்கும். பழைய ஷீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அதிலேயே முகத்துக்குக் கணக்கு வைத்தார். ‘பதினொன்று நாற்பது. சிவப்பு. காரணம்: எஞ்சின் சூடு.’ ‘ஒன்று பதினைந்து. அதிக சிவப்பு. காரணம்: மிளகாய்.’ மனைவி ஒருநாள் எடுத்துப் படித்தபோது ‘ஏழு முப்பது. லேசான சிவப்பு. காரணம்: மச்சினன் வருகை’ என்று இருந்தது. அன்று அவள் முகம்தான் சிவந்தது.

டெப்போவில் கேட்க வேண்டுமா? ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கனத்த மனிதர் விரல் நுனியால் கன்னத்தில் க்ரீம் ஒற்றுவதைப் பார்த்து ஒருத்தன் விசில் அடித்தான். இன்னொருத்தன், “அண்ணே, எப்ப பொண்ணு பாக்க வராங்க?” என்றான். “உன் சம்பளத்துக்கு உன்னையே யாரும் பாக்க வரலையே” என்றார் அவர், ஒற்றுவதை நிறுத்தாமல். டீயை அவர் ஆற்றி ஆற்றிக் குடிப்பதைப் பார்த்து டீக்கடைக்காரர்தான் உண்மையாகவே வருத்தப்பட்டார். தக்காளியார் எஞ்சின் மூடி மேல் தடித்த கம்பளி ஒன்றை மடித்துப் போட்டார். ஜன்னல் பக்கம் ஒரு திரை மறைப்பு வாங்கி மாட்டினார். ஐந்தாறு வாரத்தில் எரிச்சல் நின்றது. காலையில் முகம் கழுவும்போது சுரீரென்று வலிக்காமல் இருப்பதே ஒரு சுகம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் எதற்காக அடித்துக்கொண்டோம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

எல்லாம் சரி. அந்த அம்மாதான் ஏறவில்லை.

தினமும் வாசலில் நிற்பாள். ஆறு பத்து போகும்வரை பிள்ளையைத் தன் பக்கம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஆறே முக்கால் வண்டிக்குக் காத்திருப்பாள். அதில் போனால் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தபிறகுதான் போய்ச் சேர முடியும். தினமும் அந்தப் பிள்ளை தாமதமாகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதுதான் அவரை அரித்தது.

“நான் போய்ச் சொல்றேண்ணே, உங்களுக்குத் தோல் வியாதின்னு” என்றான் கண்டக்டர்.

“வேணாம். வாயால சொன்னா குடிகாரனும் அதையேதான் சொல்லுவான்.”

அன்று டைம் கீப்பரிடம் போய் ஒரு விஷயம் கேட்டார். ஊதும் சோதனையை அறைக்குள் வைக்காமல், வாசலில் வண்டிப் படிக்குப் பக்கத்திலேயே வைக்க முடியுமா? டைம் கீப்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு மட்டும் ஊர் பாக்க ஊதணுமா?” என்றவர், மறுநாள் கருவியோடு வெளியே வந்து நின்றார்.

அதன்பிறகு தினமும் காலையில் அந்தக் கூத்து நடந்தது. தக்காளியார் படிக்கு அருகில் நின்று நெஞ்சு நிமிர்த்தி ஊதுவார். டைம் கீப்பர் கருவியை வரிசைக்குத் திருப்பிக் காட்டி, “பூஜ்யம்!” என்பார். முதல் இரண்டு நாள் ஜனங்கள் சங்கடப்பட்டார்கள். மூன்றாம் நாள் ரொட்டிக் கடைக்காரரும் சேர்ந்து “பூஜ்யம்” என்றார். ஒரு வாரத்தில் வரிசை முழுவதும் சொல்லத் தொடங்கிவிட்டது. பூஜ்யம் வாங்கி இத்தனை கைதட்டல் வாங்கிய ஆள் அவராகத்தான் இருப்பார்.

அந்த அம்மா மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் பிள்ளைதான் பொறுக்க முடியாமல் கேட்டது. “டிரைவர் மாமா, உங்க மூஞ்சி ஏன் சிவப்பா இருக்கு?”

அம்மா பிள்ளையின் கையை வெடுக்கென்று இழுத்தாள். தக்காளியார் குனிந்தார். “என் தோலுக்குப் பொறுமை கம்மி, கண்ணு. வெயில் பட்டாக் கோவிச்சுக்கும், சூடு பட்டாக் கோவிச்சுக்கும்.”

“வலிக்குமா?”

“முன்ன எரியும். இப்ப இல்ல. இப்ப அதுகூட சமாதானமாப் போயிட்டேன்.”

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அன்றும் ஏறவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம், ஆளில்லாத சாலையில் வண்டி நின்றுவிட்டது. மாற்று வண்டி வர ஒன்றரை மணி நேரம். நிழல் கொஞ்சம்தான், அதில் வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரியையும் நிற்க வைத்துவிட்டு அவர் வெயிலில் நின்று வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலை கண்ணாடியில் பார்த்தால் மாசக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தது எல்லாம் போன இடம் தெரியவில்லை. நெற்றியிலிருந்து தாடைவரை நெருப்பு. தலை காட்டும் என்று டாக்டர் சொன்னது இதைத்தான் போலும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி, க்ரீம் பூசிக்கொண்டு, லீவு போடலாமா என்று கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கிளம்பினார்.

டெப்போவில் டைம் கீப்பர் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தார். “உயிரே இல்லய்யா இதுக்கு. மாத்துக் கருவி எட்டு மணிக்குத்தான் வருமாம். என் பொறுப்புல கையெழுத்துப் போடறேன், நீ வண்டிய எடு.”

காட்டப் பூஜ்யமும் இல்லை, காட்டுகிற மாதிரி முகமும் இல்லை. தக்காளியார் தலையைக் குனிந்துகொண்டே இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வரிசை ஏற ஆரம்பித்தது. பழகியவர்கள் ஏறினார்கள். யாரோ புதிய ஆள், கோட்டு போட்ட மனிதர், ஒரு காலைப் படியில் வைத்தவர் அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

“என்னங்க இது, டிரைவர் மூஞ்சியப் பாருங்க. காலங்காத்தால போட்டுட்டு வந்திருக்கான். இந்த வண்டில எப்படி ஏறுறது?”

கண்டக்டர் சீறிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் வாயைத் திறக்குமுன் வாசலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அவர் குடிக்க மாட்டார்.”

அந்த அம்மா. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டவள் போல நின்றாள். தன் வார்த்தையை இன்னொருத்தர் வாயில் கேட்டது அவளை என்னவோ செய்துவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறி, அந்த நேரத்தில் அவளும் அவரைப் போலவே சிவந்திருந்தாள்.

“நேத்து வெயில்ல நின்னிருப்பார். அவர் தோலு அப்படி” என்றாள் மறுபடியும், இன்னும் சத்தமாக. “உங்களுக்கு இஷ்டமில்லன்னா வழிய விடுங்க. எங்களுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு.”

கோட்டுக்காரர் படியிலிருந்து காலை எடுத்தார். அவள் பிள்ளையைத் தூக்கிப் படியில் ஏற்றினாள், பின்னாலேயே தானும் ஏறினாள். உள்ளே காலியாக எத்தனையோ இருக்கைகள் இருந்தன. அவள் பார்த்துப் பார்த்து ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் பிள்ளையை உட்காரவைத்தாள்.

தக்காளியார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார் என்று அவருக்கே தெரியும். வண்டியைக் கிளப்பினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஆறு பத்து வண்டி ஆறு பதிமூன்றுக்குக் கிளம்பியது. பள்ளிக்கூட வாசலில் அது போய் நின்றபோது மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.